ஒரு தாயின் இறைநம்பிக்கை

மக்சீம் கார்க்கி 1906-இல் எழுதிய ‘தாய்’ என்ற ரஷ்ய நாவலின் நாயகி பெலகேயா நீலோவ்னா. குடிகாரக் கணவனின் அடி, உதைகளுக்கிடையே அவளுக்கு ஆறுதலாக இருந்தவர் ஏசுநாதரே.

கணவன் மறைந்தபின், புரட்சிப் பாதையில் சென்ற மகன் பாவெல் மதத்தைச் சாடினான். இறைவனையும் பறித்துவிட்டால் துயரத்தில் தனக்கு யார் துணை என்று தாய் கலங்கினாள். அவள் வணங்கும் கருணைக் கடவுளைத் தான் பழிக்கவில்லை. மக்களை மிரட்டக் காட்டப்படும் கடவுளையே மறுப்பதாக மகன் விளக்கினான்.

அவன் சிறைப்பட்டபின் அவள் ஊர் ஊராகச் சென்றாள். ஆலயத்தினுள் பொன்னும் வெள்ளியும் நிறைந்திருக்க, வாசலில் ஏழைகள் குளிரில் நடுங்குவதைக் கண்டாள். அவளது பிரார்த்தனை குறைந்தது. ஆனால் ஏசுவைப் பற்றிய சிந்தனை பெருகியது. அவரது பெயரைக் கூறாமலே அவர் காட்டிய நெறியில் வாழ்பவர்களை அவள் அறிந்துகொண்டாள்.

உதட்டளவில் தொடங்கும் வழிபாடு பிறர் துயரை உணரும் உள்ளமாகக் கனிய வேண்டும். அதுவே பக்தியின் வளர்ச்சி.