மண் பாதைக்கும் தார்ச் சாலைக்கும் ஒரே வண்டி: டயர் வாங்குமுன் ஒரு கணக்கு



அரிசியில் மூட்டைக்கு ஐந்து ரூபாய் கூடினால் நாம் நான்கு மண்டிகளில் விலை கேட்கிறோம். ஆனால் அந்த அரிசியைச் சுமந்து வரும் வண்டிக்கு டயர் வாங்கும்போது, கடைக்காரர் எடுத்துப் போட்டதை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். டயர் செலவு நம் பேரேட்டில் ‘வண்டிச் செலவு’ என்ற தலைப்பில் டீசலோடு கலந்து மறைந்துவிடுவதே இதற்குக் காரணம். அந்தச் செலவைத் தனியே பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் பாடத்தின் நோக்கம்.

நம் சிங்கப்பெருமாள் கோயில் பகுதி வணிகர்களின் வண்டிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. விடியற்காலையில் ஜி.எஸ்.டி. சாலையில் கோயம்பேடு போய்ச் சரக்கு ஏற்றி வருவதும், பிற்பகலில் அனுமந்தபுரம், அஞ்சூர், திருக்கச்சூர் பக்கத்து உள் கிராமங்களுக்குச் சரக்கு போடுவதும் அதே வண்டிதான். 2005-ல் சந்தைக்கு வந்து, நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று செல்லப் பெயர் வைத்த சிறு லாரியானாலும், பெரிய பிக்-அப் வண்டியானாலும் இதே நிலைதான். காலையில் தேசிய நெடுஞ்சாலை, மாலையில் ஏரிக்கரை. இரண்டுக்கும் எந்த டயர் பொருத்தம்?

நாம் செய்த தவறு

இதை எழுதும் நாமே இதில் ஒரு பாடம் கற்றவர்கள். ஓர் ஐப்பசி மாலையில், அரிசியும் எண்ணெய் டின்களும் ஏற்றிய நம் கடை வண்டி ஏரிக்கரைப் பாதையில் அச்சுவரை புதைந்துவிட்டது. டிராக்டர் வைத்து இழுத்தோம். இரண்டு மூட்டை நனைந்தது. அந்த ஆத்திரத்தில் மறுநாளே நான்கு சக்கரத்துக்கும் ‘பட்டன் டயர்’ வாங்கி மாட்டினோம். பெரிய பெரிய கட்டைகளாகப் பூ வைத்த, பார்த்தாலே தைரியம் தரும் டயர்.

அதன் பிறகு வண்டி சேற்றில் சிக்கவில்லை, உண்மைதான். ஆனால் தார்ச் சாலையில் ஓயாத இரைச்சல். டீசல் கூடுதலாகப் பிடித்தது. கட்டைகள் ஒரு பக்கம் சாய்வாகத் தேயத் தொடங்கின. இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டோம். ஒரு நாள் விடியற்காலை, தூறல் மழையில், முழுச் சுமையோடு ஜி.எஸ்.டி. சாலையில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் சென்ற வாகனங்கள் திடீரென்று நின்றன. பிரேக் பிடித்தோம். சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய், கணவன் மனைவி நடுவில் ஒரு குழந்தையோடு நின்றிருந்த இரு சக்கர வாகனத்துக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்று கடை திறந்து தராசைப் பிடித்தபோது கை நடுங்கியது. சேற்றில் ஒரு நாள் சிக்கியதற்காக, ஆண்டு முழுதும் ஓடும் சாலைக்குப் பொருந்தாத டயரை மாட்டியிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

டயரின் பூவைப் படிப்பது எப்படி?

சரக்கு வண்டி டயரில் மூன்று வகைப் பூக்கள் உண்டு.

1. ரிப்: டயரைச் சுற்றி நீளவாக்கில் கோடுகள் ஓடும். தார்ச் சாலையில் எளிதாக உருளும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும், சூடு குறைவு, தேய்மானம் சீராக இருக்கும். சேற்றில் இந்தக் கோடுகள் களிமண்ணால் அடைபட்டு, டயர் மொட்டை போல் சுழலும்.

2. லக்: குறுக்குவாக்கில் ஆழமான பள்ளங்களும் தடித்த கட்டைகளும் இருக்கும். சேற்றைக் கடித்துத் தள்ளும். சுழலும்போது பள்ளத்தில் ஒட்டிய மண்ணை உதறிவிடும். ஆனால் பள்ளம் அதிகமானால் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. ஆகவே ஈரத் தாரில் பிடிப்பு குறையும். வேகமாக ஓட்டினால் கட்டைகள் அசைந்து சூடேறும்.

3. செமி-லக்: நடுவில் நீளக் கோடு, இரு ஓரங்களிலும் கட்டை. இரண்டுக்கும் இடைப்பட்டது. ஜீப், பிக்-அப் வகைகளுக்கு ‘ஆல் டெரெயின்’ என்று விற்கப்படுவதும் இதைப் போன்ற சமரசம்தான்.

பழைய லாரிக்காரர்கள் முன் சக்கரத்துக்கு ரிப், பின் சக்கரத்துக்கு லக் என்று மாட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். வண்டியைத் திருப்புவது முன் சக்கரம், தள்ளுவது பின் சக்கரம். அவரவர் வேலைக்கு ஏற்ற கருவி என்பதே அந்த அனுபவ அறிவு.

நம் மண் ஒரே மண் அல்ல

‘மண் பாதை’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். நம் மாவட்டத்தில் அது குறைந்தது மூன்று வகை. ஏரிகளைச் சுற்றியுள்ள களிமண்ணுக்கு, மண்ணை உதறும் ஆழமான பள்ளம் தேவை. கல் குவாரி, கிரஷர் பக்கத்துப் பாதைகளில் கூர்மையான சரளை டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். அங்கே பூவைவிடப் பக்கச் சுவரின் உறுதி முக்கியம். பூவில் சிக்கிய கற்களை அவ்வப்போது நெம்பி எடுக்காவிட்டால் அவை உள்ளே துளைக்கும்.

மாமல்லபுரம் கடற்கரைப் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கும் மீனவர் குப்பங்களுக்கும் சரக்கு போடும் உறுப்பினர்கள் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். மணலில் லக் டயர் உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். கட்டைகள் மணலைத் தோண்டித் தோண்டிச் சக்கரத்தைப் புதைத்துவிடும். மணலில் டயர் மிதக்க வேண்டும். சுமையை இறக்கிவிட்டு, காற்றைச் சற்றுக் குறைத்து, மெதுவாக ஒரே சீராக ஓட்டினால் டயர் தரையில் பரந்து அமர்ந்து வெளியே வந்துவிடும். தார்ச் சாலையில் ஏறுமுன் மீண்டும் காற்று நிரப்பியே ஆக வேண்டும். குறைந்த காற்றும் நிறைந்த சுமையும் சேர்ந்தால் டயர் சூடேறி வெடிக்கும்.

பேரேட்டுக் கணக்கு

டயரின் விலையைப் பார்க்காமல், ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு என்று பாருங்கள். கணக்கு புரிவதற்காக மட்டும் இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு ரிப் டயர் 5,000 ரூபாய், 40,000 கி.மீ. ஓடுகிறது. கிலோமீட்டருக்கு 12.5 காசு. ஒரு லக் டயர் 5,500 ரூபாய், தார்ச் சாலையில் தேய்ந்து 25,000 கி.மீ. மட்டுமே ஓடுகிறது. கிலோமீட்டருக்கு 22 காசு. நான்கு டயருக்கு 50 காசும் 88 காசும். வித்தியாசம் 38 காசு. மாதம் 2,500 கி.மீ. ஓடும் வண்டிக்கு மாதம் 950 ரூபாய், ஆண்டுக்கு 11,400 ரூபாய். கூடுதல் டீசல் இதில் சேரவில்லை.

இனி உங்கள் வண்டிக்கு உங்கள் எண்களைப் போடுங்கள். ஒரு மாதம், ஓட்டுநரிடம் ஒரு சிறு நோட்டைக் கொடுத்து, தார்ச் சாலையில் எத்தனை கி.மீ., மண்ணில் எத்தனை கி.மீ. என்று தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். நம் வண்டிக்கு எழுதிப் பார்த்தபோது பத்தில் ஒரு பங்குகூட மண் பாதை இல்லை! ஆண்டு முழுதும் பட்டன் டயர் மாட்டிக்கொண்டதன் பலன், ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் மட்டுமே.

எதைத் தேர்ந்தெடுப்பது?

• பெரும்பாலும் தார்ச் சாலையில் ஓடும் வண்டி: நான்கும் ரிப்.

• மண் பாதை ஓரளவு உண்டு, மழைக்காலத்திலும் போயாக வேண்டும்: முன்னால் ரிப், பின்னால் செமி-லக். நம் வண்டியில் இப்போது இதுதான். ஆயினும் வெறும் வண்டியாக மழையில் திரும்பும்போது பின்பக்கம் லேசாக இருக்கும். அப்போது வேகத்தைக் குறைத்தே தீர வேண்டும்.

• குவாரி, செங்கல் சூளை, வயல் என்று தினமும் மண்ணிலேயே ஓடுவது: பின்னால் லக். நெடுஞ்சாலைக்கு வரும்போது முன் வண்டிக்கு இடைவெளி இருமடங்கு விடுங்கள்.

ஒரே அச்சின் இரு பக்கமும் ஒரே வகை, ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம் உள்ள டயர்களே இருக்க வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பக்கச் சுவரில் ‘145 ஆர் 12’ என்றிருந்தால் 145 மில்லிமீட்டர் அகலம், ரேடியல் வகை, 12 அங்குல ரிம் என்று பொருள். வண்டிக் கையேட்டில் உள்ள அளவையே வாங்குங்கள். பெரிய டயர் மாட்டினால் வேகமானி தவறாகக் காட்டும், திரும்பும்போது உரசும்.

அடுத்து சுமை எண். 90 என்றால் ஒரு டயர் 600 கிலோ தாங்கும், 100 என்றால் 800 கிலோ, 108 என்றால் 1,000 கிலோ. குறித்த காற்றழுத்தத்தில்தான் இது செல்லும். பின் அச்சில் 90 எண் டயர் இரண்டு இருந்தால் 1,200 கிலோ. இதில் வண்டியின் சொந்த எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். அதிகச் சுமைக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாயும் விதிக்கிறது.

நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பருப்பு மூட்டையில் தேதி பார்க்கும் நாம் இதையும் பார்க்க வேண்டாமா? ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் இருக்க வேண்டும். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நான்கு சக்கர வண்டியைச் சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடு பூவோடு சமமானால் அந்த எல்லை வந்துவிட்டது என்று அறியலாம்.

டயர் செய்யாததை நாம் செய்யலாம்

வண்டியில் ஒரு மண்வெட்டி, இரண்டு பலகை, ஒரு கயிறு, நான்கு பழைய சாக்கு வையுங்கள். சாக்குக்கு நம் கடையில் பஞ்சமா? புதைந்த சக்கரத்துக்கு முன் சாக்கை விரித்துப் பலகை போட்டால் பெரும்பாலும் டிராக்டர் தேவைப்படாது. மழை நாளில் உள் கிராமத்துக்குப் பாதிச் சுமையாக இரண்டு நடை போங்கள். பாதை மோசமென்றால் தார்ச் சாலை முனைக்கு வந்து சரக்கை எடுத்துக்கொள்ளும்படி வாடிக்கையாளருக்கு முதல் நாளே போன் செய்துவிடுங்கள். வாரம் ஒரு முறை, வண்டி ஓடுமுன் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள்.

நம்மிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், ஒரகடத்திலேயே அப்போலோ நிறுவனத்தின் டயர் தொழிற்சாலை இருக்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கியதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். நிறுவனம். டயருக்கு நம் பக்கம் குறைவில்லை. எது நமக்கு வேண்டியது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

ஆகவே, உறுப்பினர்களே, அடுத்த டயர் வாங்குமுன் அந்த ஒரு மாத நோட்டை எழுதிப் பாருங்கள். வண்டி எங்கே அதிகம் ஓடுகிறதோ அதற்கு டயர் வாங்குங்கள். எப்போதோ ஒரு முறை சிக்கும் இடத்துக்குச் சாக்கும் பலகையும் வையுங்கள். மழையில் நமக்கு முன்னால் நிற்கும் இரு சக்கர வாகனத்தில் இருப்பவர்கள் நம் வாடிக்கையாளர்களாகவும் இருக்கலாம்.