பேச்சியம்மாளின் விசிட்டிங் கார்டு

மும்பையில் தாராவி என்று ஒரு பகுதி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய்க் குடியேறிய தமிழர்கள் அங்கே நிறைய. தோல் பதனிடும் வேலைக்குப் போனவர்கள் பலர். இட்லியும் முறுக்கும் விற்றுப் பிழைப்பவர்களும் உண்டு.

அப்படி முறுக்கு சுடும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பெயர் பேச்சியம்மாள். விடியற்காலையில் எழுந்து மாவு பிசைவார். பத்து மணிக்குள் அடுப்பு வேலை முடியும். பிறகு கடை கடையாகப் போய் முறுக்குப் போடுவார். கல்யாண வீடுகளுக்கும் ஆர்டர் எடுப்பார்.

ஒரு நாள் ஒரு பெரியவர் கடையில் முறுக்கு வாங்கித் தின்றார். அவருக்குப் பிடித்துவிட்டது. "என் மகள் கல்யாணத்துக்கு ஆயிரம் முறுக்கு வேணும். உங்க நம்பர் சொல்லும்மா" என்றார். அவருடைய செல்போனில் சார்ஜ் இல்லை. பேச்சியம்மாள் சொன்ன எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

அவரிடமிருந்து போன் வரவே இல்லை. ஒரு மாதம் கழித்து வழியில் பார்த்தபோது பேச்சியம்மாள் கேட்டார்.

"கூப்பிட்டேனேம்மா! வேற யாரோ எடுத்தாங்க. நாள் நெருங்கிடுச்சு. வேற இடத்துல வாங்கிட்டோம்" என்றார் பெரியவர்.

ஒரு எண் மாறிப் போனது. ஆயிரம் முறுக்கு ஆர்டரும் போனது. அன்றைக்குத்தான் பேச்சியம்மாள் கார்டு அடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

என்ன எழுதுவது?

தெருமுனையில் ஒரு டிடிபி கடை. கம்ப்யூட்டரில் எழுத்து அடித்துக் கொடுப்பார்கள். அங்கே வேலை பார்க்கும் தம்பி தமிழ்ப் பையன்தான்.

பேச்சியம்மாள் ஒரு முழுத் தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தார். பன்னிரண்டு பலகாரங்களின் பெயர். கணவர் பெயர். முருகன் படம். 'தரமே எங்கள் உயிர்' என்று ஒரு வரி. இரண்டு போன் எண்கள். முகவரி.

தம்பி ஒரு வெற்று அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் நீளம், ஐந்தரை சென்டிமீட்டர் அகலம். ஏ.டி.எம். கார்டைவிட ஒரு நூல் பெரிது. அவ்வளவுதான்.

"அக்கா, இவ்வளவையும் இதுல போட்டா எழுத்து எறும்பு மாதிரி ஆயிடும். இதை வாங்கிட்டுப் போறவங்களுக்கு என்ன தெரியணும்? அதை மட்டும் சொல்லுங்க" என்றான்.

பேச்சியம்மாள் யோசித்தார். என்ன கிடைக்கும் என்று தெரிய வேண்டும். யாரைக் கேட்பது, எப்படிக் கூப்பிடுவது, எங்கே வருவது என்று தெரிய வேண்டும். மற்றதெல்லாம் பேசிக்கொள்ளலாம். பன்னிரண்டு பலகாரம் மூன்றாகக் குறைந்தது. முறுக்கு, அதிரசம், சீடை. இரண்டு போன் எண்களில் ஒன்று போதும் என்று விட்டார். எப்போதும் கையில் இருக்கும் போன் எதுவோ அந்த எண்.

முருகன் படத்தை எடுக்க மனம் வரவில்லை. தம்பிதான் சொன்னான்: "கார்டு கீழே விழும் அக்கா. நாலு பேர் கால்ல மிதிபடும்." அது சரிதான் என்று பட்டது. படம் போயிற்று.

"ஓனர் பேரு என்ன போடட்டும்?" என்று தம்பி கேட்டான்.

மாவு பிசைவதும் சுடுவதும் கொண்டு போய்ப் போடுவதும் யார்? ஆர்டர் எடுப்பது யார்? பேச்சியம்மாள் தன் பெயரையே சொன்னார். தெருவில் எல்லாரும் அவரை 'முறுக்கு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

அடுத்தது, எந்த மொழி? தமிழர்கள் வாங்குகிறார்கள். மராத்திக்காரர்களும் வாங்குகிறார்கள். மகள் இங்கிலீஷும் வேண்டும் என்றாள். மூன்று மொழி போட்டால் மூன்றுமே சிறுத்துப் போகும். தமிழும் மராத்தியும் போதும் என்று முடிவானது.

மராத்தியில் 'முறுக்கு' என்று அப்படியே எழுதினால் பலருக்குப் புரியாது. அங்கே இதே மாதிரிப் பலகாரத்துக்குச் 'சக்லி' என்று பெயர். ஆகவே மராத்தி வரியில் 'சக்லி' என்று போட்டார்கள். எண்கள் மட்டும் 1, 2, 3 என்று எல்லாரும் படிக்கிற வடிவத்திலேயே இருந்தன. மராத்திக்குத் தனி எண் வடிவம் உண்டு. அதைப் போட்டால் தமிழர்கள் தடுமாறுவார்கள்.

முகவரியில் பின்கோடு கட்டாயம் வேண்டும். இந்தியாவில் பின்கோடு 1972-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆறு இலக்கம். தாராவிக்கு 400017. முதல் மூன்று இலக்கமான 400 மும்பையைக் குறிக்கும்.

இன்னொரு எண்ணும் இருந்தது. உணவுப் பண்டம் செய்து விற்பவர்கள் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு 14 இலக்க எண் தருவார்கள். பேச்சியம்மாள் அதை வாங்கி வைத்திருந்தார். அதைக் கார்டின் அடியில் சிறிதாகப் போடச் சொன்னார். பெரிய கடைக்காரர்கள் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஓரத்தில் விடும் இடம்

கார்டு முழுக்க மஞ்சள் நிறம் வேண்டும் என்று பேச்சியம்மாளுக்கு ஆசை. அதற்கு ஒரு விவரம் தெரிய வேண்டும்.

அச்சகத்தில் கார்டுகளை ஒவ்வொன்றாக அடிப்பதில்லை. பெரிய தாளில் பல கார்டுகளைச் சேர்த்து அடிப்பார்கள். பிறகு தாள்களைக் கட்டாக அடுக்கி மெஷினில் வெட்டுவார்கள். வெட்டும்போது கத்தி ஒரு மயிரிழை இப்படியோ அப்படியோ நகரும். மஞ்சள் நிறம் சரியாகக் கார்டின் விளிம்போடு நின்றிருந்தால், நகர்ந்த பக்கம் வெள்ளைக் கோடு தெரியும். பார்க்க அசிங்கமாக இருக்கும்.

இதற்கு வழி உண்டு. தையற்காரர் துணியை எப்படி வெட்டுகிறார்? தையலுக்கு என்று கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தானே வெட்டுகிறார்? அதே போல நிறத்தை ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெளியே நீட்டிவிட வேண்டும். 9-க்கு 5.5 அளவுள்ள கார்டு, கம்ப்யூட்டரில் 9.6-க்கு 6.1 ஆக இருக்கும். வெட்டிய பிறகு சரியான அளவுக்கு வரும்.

எழுத்துக்கு இதற்கு நேர்மாறான கணக்கு. எழுத்து விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் எண்ணின் கடைசி இலக்கத்தைக் கத்தி தின்றுவிடும்.

மையும் படமும்

கம்ப்யூட்டர் திரையில் தெரிவது வெளிச்சம். தாளில் விழுவது மை. இரண்டும் ஒன்றாக இருக்காது. கலர் அச்சுக்கு நான்கு மைகள்: ஒரு நீலம், ஒரு ரோஜாச் சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு கறுப்பு. எல்லா நிறங்களையும் இவற்றைக் கலந்துதான் கொண்டு வருகிறார்கள். திரையில் பளிச்சென்று தெரியும் நிறம் தாளில் கொஞ்சம் மங்கும். அதனால் திரையைப் பார்த்து நிறம் முடிவு செய்யாமல், அதே அச்சகம் முன்பு அடித்த கார்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

சிறிய எழுத்துக்குக் கறுப்பு ஒன்றே போதும். கலப்பு நிறத்தில் போட்டால் ஒரு மைமேல் இன்னொரு மை சரியாக உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும்.

பேச்சியம்மாள் செல்போனில் முறுக்கைப் படம் எடுத்து அனுப்பினார். திரையில் நன்றாக இருந்தது. "இது அச்சுக்கு ஆகாது அக்கா" என்றான் தம்பி. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிப் புள்ளிகள் குறைந்துவிடும். அதையே 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்பினால் சுருங்காது. இரண்டாவது முறை அப்படி அனுப்பினார்.

தமிழ் எழுத்துக்கு ஒரு தொல்லை உண்டு. டிடிபி கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் எழுத்து வகை அச்சகக் கம்ப்யூட்டரில் இல்லாமல் போகலாம். அங்கே திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். ஆகவே எழுத்தையும் சேர்த்துப் பூட்டி 'பிடிஎஃப்' என்ற வடிவில் அனுப்ப வேண்டும். அது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி திறக்கும்.

எத்தனை அடிப்பது?

"நூறு போதுமே" என்றார் பேச்சியம்மாள்.

ஆப்செட் மெஷினில் அடிக்க முதலில் தட்டு செய்ய வேண்டும். மைக்கு ஒரு தட்டு. நான்கு மைக்கு நான்கு தட்டு. நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் தட்டுச் செலவு ஒன்றுதான். அதனால்தான் ஆயிரத்துக்கு நூறைப் போலப் பத்து மடங்கு விலை வருவதில்லை. கொஞ்சமாக வேண்டுமென்றால் டிஜிட்டல் மெஷினில் அடிக்கலாம். அதற்குத் தட்டு வேண்டாம். ஆனால் ஒரு கார்டின் விலை கூடும்.

சீக்கிரம் வீடு மாறப் போகிறவர்கள் ஆயிரம் அடிப்பது வீண். பேச்சியம்மாள் ஒவ்வொரு முறுக்குப் பொட்டலத்தோடும் ஒரு கார்டு வைக்க நினைத்தார். அந்தக் கணக்குக்கு ஆயிரமும் சீக்கிரம் தீரும். ஆகவே ஆயிரம்.

தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதுதான் அது. கார்டுக்கு 300 ஜி.எஸ்.எம். நன்றாக நிற்கும். முறுக்கு எண்ணெய் படும் என்பதால் முன்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. பின்பக்கம் பூச்சு வேண்டாம், எழுத்தும் வேண்டாம். அங்கே ஆர்டர் எண்ணிக்கையும் தேதியும் பேனாவால் எழுதிக் கொடுக்கலாம். இந்த யோசனை பேச்சியம்மாளுடையது.

கையெழுத்துக்கு முன்

மறுநாள் தம்பி ஒரு தாளை நீட்டினான். கார்டு எப்படி வரும் என்று காட்டும் மாதிரித் தாள். அச்சகத்தில் 'புரூஃப்' என்பார்கள்.

"பார்த்துட்டு ஓ.கே. எழுதிக் கையெழுத்துப் போடுங்க அக்கா. அதுக்கப்புறம் தப்பு இருந்தா அச்சகம் பொறுப்பு இல்ல."

இது தாராவிக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை. பெரும்பாலான அச்சகங்களில் இப்படித்தான். கையெழுத்து விழுந்த பிறகு தப்புக்கு வாடிக்கையாளரே பொறுப்பு. முன்பு எத்தனையோ தாளில் பேச்சியம்மாள் பார்க்காமல் கைநாட்டு வைத்ததுண்டு. இந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப் போனார்.

முதலில் தமிழ். எழுத்துக் கூட்டி, விரல் வைத்துப் படித்தார். 'பெச்சியம்மாள்' என்று இருந்தது. இரட்டைக் கொம்புக்குப் பதில் ஒற்றைக் கொம்பு. வட்டம் போட்டார். 'முறுக்கு' என்பதில் நடுவில் உள்ள 'க்' மேல் புள்ளியைக் காணோம். அதற்கும் ஒரு வட்டம்.

மராத்தி அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் பள்ளியில் படிக்கிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளிடம் சொல்லவில்லை. "நீயே படிச்சுச் சொல்லு" என்றார். அப்படிக் கேட்டால்தான் உண்மையில் இருப்பது தெரியும். முன்பே சொல்லிவிட்டால் கண் அதையே பார்க்கும், தப்பு தெரியாது. மகள் படித்த வரி சரியாக இருந்தது.

கடைசியாக எண்கள். முதலில் இலக்கங்களை எண்ணினார். போன் எண்ணில் பத்து. பின்கோடில் ஆறு. பதிவு எண்ணில் பதினான்கு. எல்லாம் சரி. பதிவு எண்ணைச் சான்றிதழோடு வைத்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்.

போன் எண்ணை அவர் படித்துப் பார்த்தார். சரியாகத்தான் தெரிந்தது. மனப்பாடமான எண் அப்படித்தான். கண் பாதி பார்க்கும். வாய் மீதியைச் சொல்லிவிடும். அதனால் மகளின் கையில் பக்கத்து வீட்டுப் போனைக் கொடுத்து, தாளைப் பார்த்து எண்ணை அழுத்தச் சொன்னார். தன் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மடியில் இருந்த போன் அடிக்கவில்லை.

மகளின் கையில் இருந்த போனில் யாரோ ஓர் ஆண் குரல், "ஹலோ, யாரு?" என்று இந்தியில் கேட்டது.

கடைசி இரண்டு இலக்கம் 69 என்று இருக்க வேண்டும். தாளில் 96 என்று இருந்தது.

பேச்சியம்மாள் அதைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டார். பக்கத்தில் 69 என்று எழுதினார். தாளைத் தம்பியிடம் கொடுத்தபோது அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். திருத்தினான். ஆனால் கையெழுத்து அப்போதும் விழவில்லை. திருத்திய தாளை மறுபடி வாங்கி, மறுபடி போன் அடித்துப் பார்த்தார்கள். ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று கெடுவதும் உண்டு. இந்த முறை மடியில் இருந்த போன் அடித்தது.

அதன் பிறகு 'ஓ.கே.' என்று எழுதி, தேதி போட்டு, 'பேச்சியம்மாள்' என்று இரட்டைக் கொம்போடு கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டார். கார்டு வந்ததும் அதோடு ஒத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

பயிற்சி

1. 9 சென்டிமீட்டர் நீளம், 5.5 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு காகிதம் வெட்டுங்கள். உங்கள் தொழிலுக்கு ஒரு கார்டு எழுதிப் பாருங்கள். இடம் போதவில்லை என்றால் எதை எடுப்பீர்கள்?

2. எழுதிய கார்டை வேறொருவரிடம் கொடுங்கள். அதில் உள்ள எண்ணைப் பார்த்து உங்களுக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

3. கீழே உள்ள சொற்களில் தவறு எங்கே இருக்கிறது? வட்டம் போடுங்கள்: அதிரசம, மும்பெ, தாரவி.