குடிநீர் பற்றி மக்கள் கூறுவதைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு பஞ்சாயத்து ஆற்றிய பணி நற்பணியா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அதன் பயனைப் பெறும் மக்களேயாவர். மேல்நிலைத் தொட்டி கட்டியாயிற்று, குழாய் பதித்தாயிற்று, செலவுக் கணக்கும் தணிக்கையாயிற்று என்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. குழாயில் நீர் வருகிறதா, வரும் நீர் போதுமானதா, குடம் சுமந்த பெண்களின் துன்பம் குறைந்ததா என்று கேட்டறிதலும் அப்பணியின் ஒரு பகுதியே. கேட்பது எளிது. ஆனால், கிடைத்த விடைகளைக் கணக்கிடுவதில் பிழை நேர்ந்தால், தாகத்தோடு இருக்கும் தெரு ஏட்டில் மறைந்துபோகும். அடுத்த ஆழ்குழாய்க் கிணறும் வேறு தெருவுக்குச் சென்றுவிடும். ஆதலின், பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் இக்கணக்கை அறிந்திருத்தல் அவசியம்.

சென்னைக்கு மேற்கேயுள்ள நமது பகுதியில் இத்தேவை மிகுதி. அம்பத்தூர் 2011-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது. ஆவடி 2019-ஆம் ஆண்டில் தனி மாநகராட்சியாயிற்று. நகரம் நெருங்கி வர வர, பூவிருந்தவல்லியைச் சூழ்ந்த கிராமங்களில் நெல் விளைந்த நிலங்கள் பல வீட்டு மனைகளாயின. ஆகவே, ஒரே ஊரில் பழங்குடியினராகப் பல தலைமுறை வாழும் உழவர்களும், புதிய நகர்களில் குடியேறிய உத்தியோகஸ்தர்களும், ஏரிக்கரையில் வாழும் கூலி வேலைக் குடும்பங்களும் இருப்பதைக் காண்கிறோம். ஊர் ஒன்றாயினும் இவர்களுடைய அனுபவம் ஒன்றன்று.

எந்தக் கேள்வி, எந்தப் பணிக்கு?

மன நிறைவை அளக்க மூன்று வகைக் கேள்விகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, “இந்தச் சேவை உங்களுக்குத் திருப்தியாக உள்ளதா?” என்பது. விடைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடச் சொல்வார்கள். 4 அல்லது 5 இட்டவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே திருப்தி விகிதமாகும். குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு போன்ற அன்றாடப் பணிகளுக்கு இதுவே ஏற்றது.

இரண்டாவது, “இதைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா?” என்பது. அமெரிக்கரான பிரெட் ரைக்கெல்டு 2003-ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டார். இதில் 0 முதல் 10 வரை மதிப்பெண் உண்டு. 9, 10 இட்டவர்கள் ஆதரவாளர்கள். 0 முதல் 6 வரை இட்டவர்கள் குறை கூறுவோர். 7, 8 இட்டவர்கள் நடுநிலையினர். ஆதரவாளர் சதவீதத்திலிருந்து குறை கூறுவோர் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். உதாரணமாக, ஒரு மகளிர் குழு விற்கும் ஊறுகாயைப் பற்றி 50 பேரைக் கேட்டதில் 24 பேர் ஆதரவாளர், 14 பேர் நடுநிலையினர், 12 பேர் குறை கூறுவோர் எனக் கொள்வோம். 48-இலிருந்து 24-ஐக் கழிக்க, மதிப்பு 24 ஆகும். விரும்பினால் வேறிடத்தில் வாங்கலாம் என்ற நிலையுள்ள பொருள்களுக்கு இம்முறை பொருந்தும். பஞ்சாயத்துக் குழாயைத் தவிர வேறு வழியில்லாத குடும்பத்தாரிடம் அதைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று கேட்பதில் பொருளில்லை.

மூன்றாவது, “இக்காரியத்தை முடிக்க எவ்வளவு சிரமப்பட்டீர்கள்?” என்பது. வீட்டு வரி செலுத்துதல், குழாய் இணைப்புக்கு மனுச் செய்தல் போன்றவற்றுக்கு இக்கேள்வியே தக்கது. இறுதியில் இணைப்புக் கிடைத்துவிட்டாலும், அதற்கு எத்தனை முறை அலைய நேர்ந்தது என்பதை இது வெளிப்படுத்தும்.

ஒரு கணக்கு

400 வீடுகள் உள்ள ஓர் ஊரைக் கற்பனை செய்துகொள்வோம். புதிய நகரில் 120 வீடுகள், பழைய ஊரில் 200, ஏரிக்கரையில் 80. குடிநீர் பற்றி 100 வீட்டார் விடை அளித்தனர். 5 மதிப்பெண் இட்டவர் 30. 4 இட்டவர் 32. 3 இட்டவர் 14. 2 இட்டவர் 10. 1 இட்டவர் 14.

மதிப்பெண்களைக் கூட்டினால் 354, சராசரி 3.54. 4, 5 இட்டவர்கள் 62 பேராதலால் திருப்தி விகிதம் 62 சதவீதம். ‘பாதிக்கு மேற்பட்டோர் திருப்தி’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடத் தோன்றும். ஆனால், பகுதிவாரியாகப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

புதிய நகரில் விடையளித்த 60 பேரில் 50 பேர் திருப்தியுற்றனர். இது 83 சதவீதம். பழைய ஊரில் 30 பேரில் 11 பேர். அதாவது 37 சதவீதம். ஏரிக்கரையில் 10 பேரில் ஒருவரே, 10 சதவீதம்.

ஊரின் வீடுகளில் பாதி பழைய ஊரில் இருக்க, விடைகளிலோ பாதிக்கு மேற்பட்டவை புதிய நகரிலிருந்து வந்துள்ளன. கைபேசி வழியாகவோ மாலை நேரக் கூட்டத்திலோ மட்டும் கருத்துக் கேட்டால் இவ்வாறு நேர்வது இயல்பு. இதைச் சரி செய்ய, ஒவ்வொரு பகுதியின் விகிதத்தையும் அப்பகுதியின் வீட்டு எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். புதிய நகரில் 100 வீடுகள், பழைய ஊரில் 73, ஏரிக்கரையில் 8, ஆக 181 வீடுகள் திருப்தியுற்றவை என மதிப்பிடலாம். 400-இல் இது 45 சதவீதமே. முன்னர் பாதிக்கு மேல் என்று தோன்றியது, இப்பொழுது பாதிக்கும் கீழே இறங்கிவிட்டதைக் காண்க.

இன்னுமொன்று. ஏரிக்கரையில் ஒரு வீட்டார் விடையை மாற்றினாலே விகிதம் 10 சதவீதம் மாறிவிடும். எனவே, பத்து விடைகளை முடிந்த முடிவாகக் கொள்ளாது, மீதமுள்ள 70 வீடுகளுக்கும் நேரில் சென்று கேட்டல் வேண்டும். குறைவாகப் பேசியவர்களிடமே மிகுதியாகக் கேட்க வேண்டும்.

பெங்களூர் காட்டிய வழி

இத்தகைய முயற்சிக்கு அண்டை மாநிலத்தில் நல்ல முன்மாதிரி உண்டு. பெங்களூரில் சாமுவேல் பால் என்னும் அறிஞர், 1994-ஆம் ஆண்டில் நகர மக்களிடம் கருத்துக் கேட்டு, பொதுச் சேவை நிறுவனங்களுக்கு மாணவர்களுக்கு அளிப்பதைப் போன்ற மதிப்பெண் அறிக்கையை வெளியிட்டார். குடிசைப் பகுதி மக்களின் கருத்தும் தனியே திரட்டப்பட்டது. அவ்வாண்டில் திருப்தியுற்றோர் 9 சதவீதமே. முடிவுகள் பத்திரிகைகளில் வெளியாயின, பொதுக்கூட்டங்களில் விவாதிக்கப்பட்டன. அதே ஆய்வு 1999-இலும் 2003-இலும் மீண்டும் நடத்தப்பட்டபோது, அவ்விகிதம் 34 ஆகவும் 49 ஆகவும் உயர்ந்திருந்தது. எண்ணை மறைக்காமல் வெளியிட்டதும், மீண்டும் அளந்ததும் இங்கு நினைவிற் கொள்ளத் தக்கவை.

கவனிக்க வேண்டியவை

1. குடிநீர் விடும் பணியாளரே கருத்துக் கேட்கச் செல்லலாகாது. அவர் முகத்துக்கு எதிரே குறை கூற மக்கள் தயங்குவர்.

2. “நல்ல நீர் வருகிறதல்லவா?” என விடையைக் கேள்வியிலேயே புகுத்தலாகாது.

3. மே மாதத்து விடையை மழைக்குப் பிந்திய டிசம்பர் மாதத்து விடையோடு ஒப்பிடுவது முறையன்று. மே மாதத்தை அடுத்த ஆண்டு மே மாதத்தோடு ஒப்பிடுக.

4. மதிப்பெண்ணோடு, “என்ன குறை?” என்ற ஒரு கேள்வியும் இருத்தல் வேண்டும். நீர் போதவில்லையா, உவர்க்கிறதா, நேரம் தவறி வருகிறதா என்பது தெரிந்தால்தான் பரிகாரம் செய்ய இயலும்.

5. எத்தனை வீடுகளைக் கேட்டோம், எத்தனை வீடுகள் விடையளித்தன என்பதை விகிதத்தின் பக்கத்திலேயே எழுதுக.

பகுதிவாரியான முடிவுகளைக் கிராம சபையில் வாசிப்பது நலம். அங்கே ஊர்ச் சராசரியை முதலில் கூறாது, மிகக் குறைந்த விகிதமுள்ள தெருவின் பெயரை முதலில் கூறுக. அடுத்த பணி எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு அதுவே விடையாகும்.