உணவுக்குழாய்ப் புற்றுநோயும் ஊமையாகும் மரபணுக்களும்

மரபணுவில் எழுத்துப் பிழை ஏற்படுவதால் புற்றுநோய் வருகிறது என்று நாம் படித்திருக்கிறோம். அது உண்மையே. ஆனால் எழுத்தில் ஒரு பிழையும் இல்லாமலே நல்ல மரபணு ஒன்று வாயடைத்துப் போவதும் உண்டு. அஸ்ஸாமில் வாழும் நம் அன்பர்கள் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிகுந்த பகுதிகளில் வடகிழக்கு முன்னிற்கிறது. நான் மருத்துவன் அல்லன். ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த உவமையைக் கொண்டே விளக்குகிறேன்.

பழைய சிக்னல் கேபினில் லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒரு லைனில் வண்டி நின்றுகொண்டிருந்தால், அதற்குரிய லீவரில் 'லீவர் காலர்' என்னும் வளையத்தை மாட்டிவிடுவார்கள். லீவரில் பழுதில்லை, கம்பியும் அறுந்துவிடவில்லை. ஆனால் வளையம் இருக்கும்வரை யாரும் அதை இழுக்கமாட்டார்கள், கைகாட்டி இறங்காது.

டி.என்.ஏ.யில் இந்த வளையத்தின் பெயர் மெத்தில் குழு. ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது அது. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துக்களில் ஒன்றான சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்களில்தான் இது பெரும்பாலும் ஏறுகிறது. இந்த ஜோடிகள் நெருங்கி நிற்கும் பகுதிகளைத் 'தீவுகள்' என்பர். பல மரபணுக்களின் தொடக்க வாசலில் இத்தீவுகள் உள்ளன. வழக்கமாக அங்கே மெத்தில் இராது. ஏறிவிட்டால், சில புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன, டி.என்.ஏ. இறுகச் சுருண்டுவிடுகிறது, மரபணுவைப் படிக்கும் நொதி உள்ளே நுழைய முடிவதில்லை.

மெத்தில் ஏறுவதே கெடுதல் என்று எண்ண வேண்டாம். பெண்களின் செல்களில் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடங்கியிருப்பதற்கு இதுவும் துணை செய்கிறது. மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் வழி இதுவாக இருக்கலாம் என்று 1975இல் அமெரிக்காவில் ஆர்தர் ரிக்ஸும், இங்கிலாந்தில் ராபின் ஹாலிடே, ஜான் பியூ இருவரும் தனித்தனியே எழுதினர். செல் பிரியும்போது டி.என்.எம்.டி.-1 என்னும் நொதி பழைய இழையைப் பார்த்து, புதிய இழையிலும் அதே இடத்தில் வளையத்தை மாட்டுகிறது. ஷிஃப்ட் மாறும்போது காலர் மாட்டிய லீவர்களைச் சொல்லிச் சார்ஜ் கொடுப்பது போலத்தான்!

வளையம் தப்பான லீவரில் ஏறினால் ஆபத்து. பி-16 என்னும் மரபணு, செல் கண்டபடி பெருகாமல் நிறுத்தும் பிரேக். எம்.ஜி.எம்.டி. என்பது டி.என்.ஏ.யில் ஏற்படும் ஒருவகைச் சேதத்தைப் பழுதுபார்க்கும் மரபணு. உணவுக்குழாய்ப் புற்றுநோயாளர் பலரிடம் இவை மெத்தில் ஏறி ஊமையாகிக் கிடக்கின்றன. பிரேக்கும் இல்லை, பழுதுபார்ப்பவரும் இல்லை என்றால் வண்டியின் கதி என்ன? புகைபிடித்த ஆண்டுகள் கூடக்கூட, புற்று வராத உணவுக்குழாய்த் தோலிலும் இத்தகைய மெத்தில் கூடியிருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினர். அதாவது, கட்டி தோன்றுமுன்பே காலர்கள் ஏறத் தொடங்கிவிடுகின்றன.

இதில் ஒரு நம்பிக்கையும் உண்டு. எழுத்துப் பிழையைத் திருத்துவது கடினம். வளையத்தைக் கழற்ற முடியும். 1964இல் செக்கோஸ்லோவாகியாவில் உருவாக்கப்பட்ட அசாசைட்டிடின் என்னும் மருந்து, டி.என்.எம்.டி. நொதியைச் சிக்கவைத்துவிடுகிறது, புதிய செல்களில் வளையம் ஏறுவதில்லை. எலும்பு மஜ்ஜை நோய் ஒன்றுக்கு 2004இல் அமெரிக்கா இதை அனுமதித்தது. உணவுக்குழாய்க்கு இது வழக்கமான சிகிச்சையாகவில்லை. காரணம், கழற்ற வேண்டிய காலரை மட்டும் தேர்ந்து கழற்ற அதற்குத் தெரியாது. வண்டி நிற்கும் லைனின் காலரும் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நோயறியவும் மெத்தில் உதவுகிறது. நாட்பட்ட நெஞ்செரிச்சலால் உணவுக்குழாயின் அடிப்பகுதியில் நேரும் 'பேரட்' மாற்றம், மேலை நாடுகளில் மிகுந்த வகைப் புற்றுக்கு முன்னோடி. மாத்திரையளவு பலூனை விழுங்கச் செய்து, அதில் ஒட்டிவரும் செல்களில் இரண்டு மரபணுக்களின் மெத்திலைப் பார்த்து, இம்மாற்றமுள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கண்டறியலாம் என்று கிளீவ்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். நம் நாட்டில் மிகுந்திருப்பது வேறு வகை. அதற்கு எண்டோஸ்கோப்பியே வழி.

ஆகவே நாம் செய்யக்கூடியது, தப்பான காலர் ஏற இடம்கொடாமல் இருப்பது. புகையிலையும் மதுவும் வேண்டாம். இங்கே விருந்தினருக்கு நீட்டும் தாமூலில் உள்ள பாக்கும், புகையிலை சேராவிட்டாலும், புற்றுநோய் உண்டாக்குவதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிவித்தது. 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் பானங்களும் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 2016இல் அதே முகமை கூறியது. தேநீரைச் சற்று ஆறவிட்டுக் குடிப்பதில் நஷ்டமில்லை.

சோறு தொண்டைக்குக் கீழே அடைப்பது போலிருந்து, தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது என்றால், 'வாயு' என்று ஓமத்தண்ணீரோடு நாள் கடத்தாதீர்கள். குவாஹாத்தியிலேயே டாக்டர் பி. பரூவா புற்றுநோய் நிலையம் இருக்கிறது. இந்நோயில் பலர் காலம் கடந்து வருவதால்தான் பிழைப்பது அரிதாகிறது. சிவப்பு சிக்னலைப் பார்த்த பிறகும் வண்டியை ஓட்டலாமா?