வேஷம் கட்டியாச்சு, அடுத்து என்ன?

ஆன்லைன் மாயாஜால விளையாட்டுகளில் பாத்திரமேற்று ஆடுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, சைதாப்பேட்டையில் ஒரு தமிழ் ரோல்ப்ளே குழுவை நடத்திவரும் நம் பத்தியாளர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ரோல்ப்ளேவுக்கு (ஆர்.பி.) பேர்போன சர்வர் என்று சொன்னார்களே என்று வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டில் ஆர்ஜென்ட் டான் சர்வரில் சேர்ந்தேன். மூன்று ராத்திரி ஸ்டார்ம்விண்ட் நகரத்துச் சத்திரத்தில் போய் நின்றேன். ஒருத்தர்கூட என்னிடம் பேசவில்லை. எங்கே தப்பு, அண்ணா?
— கல்லூரி மாணவர், ஜோன்ஸ் சாலை, சைதாப்பேட்டை

நின்றதுதான் தப்பு, தம்பி. முக்காடு போட்டுக்கொண்டு மூலையில் நிற்கிற ஆள் எந்தச் சத்திரத்திலும் நாலைந்து பேர் இருப்பார்கள். 'நீ யார், ஏன் இந்தச் சோகம்' என்று யாராவது வந்து கேட்கட்டும் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருப்பார்கள். நீயும் அவர்களோடு சேர்ந்து காத்திருந்தால் விடிய வேண்டியதுதான். நீ போய்க் கேள்.

முதலில் ஓட்டத்தை நிறுத்து. விட்டால் பாத்திரம் ஓடத்தான் செய்யும். நம்பர் பேடில் உள்ள சாய்கோட்டை அழுத்து, நடக்கும். சத்திரத்துக்குள் ஓடிவந்து மேஜைமேல் குதிக்கிறவனோடு யாரும் கதை பேச மாட்டார்கள். அடுத்து, டோட்டல் ஆர்.பி. 3 என்ற ஆட்-ஆனைப் போட்டுக்கொள். எதிரே இருப்பவர் தன் பாத்திரத்தைப் பற்றி எழுதி வைத்திருப்பது அதில் தெரியும். கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் எடுத்துக்கொள்: காலணியில் சேறு, கையில் கட்டு, இடுப்பில் வெறும் உறை. 'வணக்கம்' என்று அடித்தால் 'வணக்கம்' என்று திரும்ப வரும், அத்தோடு சரி. 'அந்தக் கட்டை மாத்தி ரெண்டு நாளாச்சு போலிருக்கே, வைத்தியர் யாரும் கிடைக்கலையா?' என்று கேட்டுப் பார். எழுதுகிறவர் அந்தக் கட்டை ஒரு காரணத்தோடுதான் போட்டிருப்பார். அந்தக் காரணத்தைச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருப்பார்.

கேள்வி: என் வில்லாளி எல்ஃபுக்கு லெகோலாஸ் என்று பெயர் வைக்கலாமா? கிடைக்கவில்லை என்றால் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்.
— பள்ளி மாணவர், அசோக் நகர்

கூடாது. ஓர் எழுத்தை மாற்றினாலும் கூடாது.

கேள்வி: என் பாத்திரத்துக்கு எட்டுப் பக்கத்தில் முன்கதை எழுதியிருக்கிறேன். டிராகன் ரத்தம் கலந்தவன். அழிந்துபோன ராஜவம்சத்தின் கடைசி வாரிசு. ஞாபகம் இழந்தவன். சாகாவரம் பெற்றவன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.
— மென்பொருள் ஊழியர், வேளச்சேரி

படித்தேன். எட்டுப் பக்கத்திலும் இன்னொரு ஆளுக்கு இடமே இல்லை. அவனைப் பெற்றவர்கள் செத்தாயிற்று, எதிரிகளை ஒழித்தாயிற்று, காதலியும் போய்விட்டாள். சாவும் கிடையாது. சரி, நாளை ராத்திரி உங்கள் எதிரே வந்து உட்காருகிறவர் அவனோடு என்னதான் செய்வார்? கைதட்டலாம், அவ்வளவுதான். அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வருவதில்லை.

எட்டுப் பக்கத்தையும் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மூன்று விஷயம் எழுதுங்கள். இவனுக்கு இன்றைக்கு என்ன வேண்டும்? எது கைவராது? யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்? இந்த மூன்றையும் இன்னொருவரின் உதவியில்லாமல் தீர்க்க முடியாது. மற்றதெல்லாம் ஆடும்போது தானாக வெளியே வரும். ராஜவம்சம் வராமலே போனாலும் நஷ்டமில்லை.

கேள்வி: எல்ஃப், ஓர்க், ட்வார்ஃப் என்று எல்லாமே வெள்ளைக்காரர் கதை. அவர்கள் சின்ன வயதிலிருந்தே இதில் ஊறியவர்கள். நமக்கு இது ஒட்டுமா? என் பாத்திரத்தை என்ன ஆளாக ஆக்குவது என்றே பிடிபடவில்லை.
— தனியார் நிறுவன ஊழியர், சின்னமலை

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு மனசு பொறுக்காது. வேஷம் கட்டுவது நமக்கா புதுசு?

1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை வெளியிட்டார்கள். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த 'மட்' விளையாட்டு, படமே இல்லாமல் வெறும் எழுத்திலேயே பலர் சேர்ந்து உலவ ஓர் உலகத்தைக் கட்டியது. இன்றைய விளையாட்டுகளுக்கு அவைதாம் பாட்டன், முப்பாட்டன். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் ஒருமுறை செய்யாறு பக்கம் புரிசைக்குப் போய், தெருக்கூத்தை ராத்திரி தொடங்கி விடியும்வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரெண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து பாடுவான். சலங்கை கட்டிய காலும் கிரீடத்தின் நுனியும்தான் நம் கண்ணுக்குத் தெரியும். திரை விலகி அவன் சபைக்கு வந்ததும் கட்டியக்காரன் விசாரிப்பான்: யாரு நீங்க, எந்த தேசம், வந்த காரியம் என்ன? ராஜா தன் பிரதாபத்தை எல்லாம் அவிழ்த்துவிடுவது அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான். கேட்க ஆள் இல்லையென்றால் அத்தனை பெரிய கிரீடத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? ராஜாக்கள் வருவார்கள், போவார்கள். ராத்திரி முழுக்கச் சபையை விடாமல் பிடித்து வைத்திருப்பவன் கட்டியக்காரன். காவல்காரன், தூதன், ஊர்க்காரன் என்று தேவைப்பட்டதெல்லாம் அவனே ஆகிக்கொள்வான். ந. முத்துசாமி 1977இல் இதே சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கி, புரிசை கண்ணப்பத் தம்பிரானைக் கொண்டு நகரத்து நடிகர்களுக்குக் கூத்துப் பயிற்சி கொடுத்தார். நாம் யாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

புதிதாக வருகிறவர்கள் ராஜாவாக வராதீர்கள். கட்டியக்காரனாக வாருங்கள். தோணி ஓட்டுகிறவர், கோட்டை வாசல் காவல், லாடம் அடிக்கிறவர், பிணம் எரிக்கிறவர், இப்படிப் பத்துப் பேர் தேடி வரக்கூடிய தொழில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு பெண் இருக்கிறார். சைதாப்பேட்டை கோர்ட் பக்கம் மனு எழுதிக் கொடுப்பவரைப் பார்த்துப் பார்த்துத் தன் பாத்திரத்தைப் பிடித்தவர். வந்தவர் தன் வழக்கை முன்னுக்குப் பின்னாகக் கொட்ட, மனு எழுதுகிறவர் தலை நிமிராமல் 'தேதி சொல்லுங்க', 'அப்ப கூட யாரு இருந்தாங்க' என்று கேட்டுக்கொண்டே எழுதுவார் பாருங்கள், அதேதான். விளையாட்டில் அவர் ஒரு கிழட்டு ட்வார்ஃப் பெண். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்களுக்கு ஒரு செப்புக் காசுக்குக் கடுதாசி எழுதிக் கொடுப்பவள். ஒரு நாள் தலையிலிருந்து கால்வரை இரும்புக் கவசம் போட்ட வீரன் ஒருவன் வந்தான். வாள் எந்தக் கொல்லன் அடித்தது, எத்தனை பூதத்தை வெட்டியது என்று அளந்துகொண்டிருந்தான். இவள் மை தொட்டுக்கொண்டு கேட்டாள்: 'யாருக்குக் கடுதாசி?' 'அம்மாவுக்கு.' 'அம்மாவை எப்படிக் கூப்பிடுவே?'

அவ்வளவுதான். திரையில் எழுத்தே வரவில்லை. வாளுக்குப் பெயர் வைத்திருந்தவர் அம்மாவைப் பற்றி யோசித்தே இருக்கவில்லை. பிறகு மெதுவாக எழுதினார்: வீட்டை விட்டு வரும்போது சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன், அதனால் முதல் வரியை எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை. அன்றைக்கு அவர்கள் இருவரும் அந்த ஒரு கடுதாசியை எழுதி முடிக்கவே நேரம் சரியாக இருந்தது. சத்திரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். இந்த விளையாட்டில் இதைவிடப் பெரிய வெற்றி எனக்குத் தெரியாது. இதற்கு எல்ஃப் வரலாறு எதுவும் தேவைப்படவில்லை. சைதாப்பேட்டையில் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருந்ததே போதுமானதாக இருந்தது.

கேள்வி: பதினைந்து வயது மகன் நள்ளிரவில் கம்ப்யூட்டர் முன்னால் வேறு ஏதோ பெயரில் யாருடனோ ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறான். கேட்டால் 'நான் இல்லைம்மா, என் கேரக்டர்' என்கிறான். பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், மேற்கு மாம்பலம்

அம்மா, 'நான் இல்லை, என் கேரக்டர்' என்று பிரித்துச் சொல்லத் தெரிகிறதே, அதுவே நல்ல அடையாளம். புத்தி தடுமாறியவன் அப்படிச் சொல்ல மாட்டான். நேரத்துக்கும் காரணம் இருக்கிறது. ஐரோப்பிய சர்வர் என்றால் பாரிஸ் நேரம். அங்கே இரவு எட்டு மணிக்கு ஆள் கூடும்போது நமக்குக் கோடையில் பதினொன்றரை, குளிர்காலத்தில் பன்னிரண்டரை. பத்தாம் வகுப்புப் பையனுக்கு இது ஆகாது. வார நாட்களில் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நம் நேரத்தில் ஆடுகிற இந்தியக் குழுக்கள் இருக்கின்றன.

பயப்பட வேண்டிய விஷயம் வேறொன்று. எல்லா இடமும் சிறுவர்களுக்கான இடம் அல்ல. அமெரிக்காவின் மூன் கார்டு சர்வரில் கோல்டுஷயர் என்ற கிராமம் ஆபாச ரோல்ப்ளேவுக்கே பேர் வாங்கியது. அந்தப் பக்கம் போகக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். காதல் காட்சி எழுதக் கூப்பிடுகிறவரிடமிருந்து விலகச் சொல்லுங்கள். போட்டோ, போன் நம்பர், பள்ளிப் பெயர் கேட்கிறவர் யாராக இருந்தாலும் பிளாக் செய்யச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரை ஹாலுக்கு மாற்றுங்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, 'உன் கேரக்டர் யாருடா, என்ன பண்றான்?' என்று கேளுங்கள். வாய் ஓயாமல் சொல்வான்.

கேள்வி: சண்டைக் காட்சியில் எதிராளி 'உன் தலை உருண்டது' என்று எழுதிவிடுகிறார். நான் 'அது என் நிழல்' என்று எழுதினேன். சண்டை நிஜச் சண்டையாகிவிட்டது.
— வாசகர், அடையாறு

ரெண்டு பேருமே செய்தது தப்பு. அவர் செய்ததன் பெயர் காட்மோடிங். உங்கள் பாத்திரத்துக்கு என்ன ஆயிற்று என்று முடிவு செய்ய அவருக்கு உரிமை இல்லை. 'கழுத்தைக் குறிவைத்து வாளை வீசினான்' என்பதோடு அவர் நிறுத்தியிருக்க வேண்டும். பட்டதா, தப்பியதா என்பதை எழுதுவது உங்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பை வாங்கிக்கொண்டு ஒருமுறைகூட அடி வாங்காதவரோடு நானும் சண்டை எழுத மாட்டேன். தோளில் ஒரு வெட்டு வாங்குங்கள், கதை நகரும். ஒத்து வரவில்லையா, ரோல் கட்டளை இருக்கிறது, ஒன்றிலிருந்து நூறுக்குள் எண் விழும். பெரிய எண் வந்தவர் பக்கம் முடிவு. விழுந்த பிறகு வாதாடக் கூடாது.

மனஸ்தாபம் வந்தால் இரட்டை அடைப்புக்குறிக்குள் நீங்களாகவே பேசிவிடுங்கள். பாத்திரத்தின் வாயால் சொந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்வது கோழைத்தனம்.

கேள்வி: நான் ஆண். பெண் பாத்திரம் எடுத்து ஆடினால் தப்பாக நினைப்பார்களா?
— வாசகர், மயிலாப்பூர்

கோபாலபுரம் போகும்போது அவ்வை சண்முகம் சாலைப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். தி.க. சண்முகம் 1940களில் ஔவையார் நாடகத்தில் கிழவி வேஷம் கட்டி, அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. தாராளமாக ஆடுங்கள். ஒன்றே ஒன்று: பெண் என்பதை அவளுடைய ஒரே குணமாக எழுதாதீர்கள். நிஜ வாழ்க்கையிலும் நான் பெண்தான் என்று யாரையும் நம்பவைக்காதீர்கள்.

கேள்வி: எதிரே வந்தவரின் தலைக்கு மேலேயே பெயர் தெரிகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஏன் கோபப்பட்டார்?
— பெயர் வெளியிட விரும்பாதவர்

உங்களுக்குத் தெரியும். உங்கள் பாத்திரத்துக்கு எப்படித் தெரியும்? கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் சுமார்தான். தமிழிலேயே ஆட வழி உண்டா?
— கடை ஊழியர், பஜார் சாலை, சைதாப்பேட்டை

உண்டு. ஜி.டி.ஏ. 5-க்கு ஃபைவ்எம் மூலம் ஓடும் தமிழ் ஆர்.பி. சர்வர்கள் இருக்கின்றன. டிராகன் கிடையாது, போலீஸ், மெக்கானிக், டாக்ஸி டிரைவர்தான். மைக்கில் நம் பேச்சுத் தமிழிலேயே ஆடலாம். காரணமில்லாமல் சுடக் கூடாது, வண்டியை ஏற்றிக் கொல்லக் கூடாது, ஸ்ட்ரீமில் பார்த்ததைப் பாத்திரத்துக்குத் தெரிந்ததாகக் காட்டக் கூடாது என்று விதிகள் கறாராக இருக்கும். அடித்தளம் அங்கே நன்றாக விழும்.

மாயாஜால உலகம்தான் வேண்டும் என்றால் ஆங்கிலத்தைப் பார்த்து ஒதுங்காதீர்கள். ஐரோப்பிய சர்வர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அல்ல. கைவசம் உள்ள சொற்களில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். குறைவாகப் பேசும் ஆளாகப் பாத்திரத்தை அமைத்துக்கொள்ளுங்கள், பேச்சுக்குப் பதில் எமோட்டில், அதாவது செயலை எழுதிக் காட்டும் கட்டளையில், கைவேலையைக் காட்டுங்கள். உங்கள் கடையில் எடை போடுகிறவர் சில்லறை எண்ணும்போது பார்வை எங்கே போகிறது, பொட்டலத்தை எப்படி மடிக்கிறார் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? அதை எழுதுங்கள். ஒரு காசும் செலவழிக்காமல் தொடங்க, வார்கிராஃப்டில் 20ஆம் நிலைவரை இலவசம். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் ஆன்லைனும் இலவசமாகத் தொடங்கலாம்.

கேள்வி: பிங் 180 மில்லிசெகண்ட் வருகிறது. ரோல்ப்ளே செய்ய முடியுமா?
— மாணவர், கோட்டூர்புரம்

முடியும். ஐரோப்பா வரை கடலடிக் கேபிளில் போய்த் திரும்ப அந்த நேரம் ஆகத்தான் செய்யும். சண்டை போடும்போது அது உறுத்தும், உட்கார்ந்து பேசுவதற்கு உறுத்தாது. நாளைக்கே வாருங்கள்.