ஆட்சி கவிழ்ந்தாலும் அலுவலகம் நடக்கும்: பொது நிர்வாகவியலில் ஒரு பாடம்

நம் ஹைதராபாத் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு வகைப் பிள்ளைகளை அதிகம் பார்க்கிறோம். ஒரு வகையினர் பொது நிர்வாகவியலைப் பாடமாக எடுத்துக்கொண்டு குரூப் தேர்வுக்கோ ஐ.ஏ.எஸ். தேர்வுக்கோ படிக்கிறார்கள். இன்னொரு வகையினர் மேல்படிப்புக்காக அமெரிக்காவுக்கு விமானம் ஏறுகிறார்கள். முதல் வகையினர், "அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றி நாங்கள் எதற்காகப் படிக்க வேண்டும்?" என்று சலித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் வகையினரின் பெற்றோர், "அங்கே அரசாங்கத்தையே மூடிவிட்டார்களாமே, பையன் படிப்பு என்ன ஆகும்?" என்று பதறுகிறார்கள். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பாடத்தில் பதில் இருக்கிறது.

பாடம் பிறந்த கதை

பொது நிர்வாகம் என்பதைத் தனிப் பாடமாகப் படிக்க வேண்டும் என்று 1887இல் கட்டுரை எழுதியவர் உட்ரோ வில்சன். அப்போது அவர் கல்லூரி ஆசிரியர். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால்தான், 1883இல், அரசு வேலைகளைக் கட்சிக்காரர்களுக்குப் பங்கு போடும் வழக்கத்தைக் குறைத்துத் தேர்வு முறையைக் கொண்டுவந்த பெண்டில்டன் சட்டம் அங்கே நிறைவேறியிருந்தது. 1881இல் வேலை கிடைக்காத ஒருவன் ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டதும், அவர் இறந்துபோனதுமே அந்தச் சட்டத்துக்கு வழி செய்தன.

அதே வில்சன் 1913 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். அந்த ஆண்டு ஜூலையில், பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையுடன் நியூயார்க் போய்ச் சேர்ந்தார் நம் நாட்டு மாணவர் ஒருவர். அவர் பீமராவ் அம்பேத்கர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916 வரை படித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி எம்.ஏ.வுக்கு எழுதினார். பிறகு இந்திய மாகாணங்களின் நிதி வளர்ந்த விதத்தை ஆராய்ந்தார். சர்க்கார் பணம் யார் கையில் இருக்கிறது, யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை அவர் இளமையிலேயே பிடித்துக்கொண்டார்.

நம் ஊருக்கும் இதில் தொடர்பு உண்டு. 1953 ஜனவரியில் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது உஸ்மானியா பல்கலைக்கழகம். அதன் வளாகத்தில் 1964 முதல் அமெரிக்க ஆய்வு மையம் இயங்கிவந்தது. உஸ்மானியாவில் பொது நிர்வாகவியல் பேராசிரியராக இருந்த ஜி. ராம் ரெட்டிதான் 1982இல் இங்கே தொடங்கப்பட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். அது 1991 முதல் அம்பேத்கர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சாவி யாரிடம்?

இனி பாடத்துக்கு வருவோம். சட்டசபையின் அனுமதி இல்லாமல் கஜானாவிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. இது இரு நாடுகளுக்கும் பொது விதி. நம் அரசியல் சட்டத்தில் 114, 266 ஆகிய ஷரத்துகளில் இது இருக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் முதல் விதியின் 9ஆம் பகுதியில் இருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய வேலை எதுவும் பட்ஜெட்டோடு வரும் 'பிங்க் புக்'கில் ஏறாதவரை, அது உயிரையோ பாதையையோ காக்கும் அவசர வேலையாக இல்லாவிட்டால், எஞ்சினியர் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

ஆனால் சட்டசபை பணம் தர மறுத்தால் என்ன ஆகும்? இங்கேதான் இரண்டு நாடுகளும் பிரிகின்றன.

அமெரிக்காவில் ஜனாதிபதிக்கு 4 ஆண்டுப் பதவி. காங்கிரஸ் என்பது அங்கே கட்சி அல்ல, பார்லிமெண்டின் பெயர். அதில் 435 பேர் கொண்ட பிரதிநிதிகள் சபைக்கு 2 ஆண்டு, 100 பேர் கொண்ட செனட் உறுப்பினர்களுக்கு 6 ஆண்டு. மந்திரிகள் காங்கிரஸில் உறுப்பினராக இருக்கக் கூடாது. பட்ஜெட்டில் சண்டை வந்தால் ஜனாதிபதி காங்கிரஸைக் கலைக்க முடியாது. காங்கிரஸும் அதற்காக அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு வண்டிகளைப் போல இருவரும் நிற்பார்கள். எதைப் பின்னுக்கு எடுப்பது என்று சொல்ல கன்ட்ரோலர் கிடையாது.

அங்கே நிதியாண்டு அக்டோபர் 1இல் பிறக்கிறது. அதற்குள் ஒதுக்கீடு நிறைவேறாவிட்டால், பணம் கிடைக்காத மத்திய அரசு அலுவலகங்கள் மூடப்படுகின்றன. 1995 டிசம்பரில் தொடங்கி 21 நாள், 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள், 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் இப்படி நடந்தது. அத்தியாவசியம் என்று கருதப்படும் ஊழியர்கள் மட்டும் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வர வேண்டும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் அப்படித்தான் வேலை செய்தார்கள். பாக்கிச் சம்பளத்தைப் பிறகு தர 2019இல் சட்டம் வந்தது. ஆனால் வாடகையும் மளிகையும் அதுவரை காத்திருக்குமா?

பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூடப்படுவது மத்திய அரசின் அலுவலகங்கள்தான். மாநில அரசுகளுக்குத் தனிப் பணம், தனி பட்ஜெட். பிள்ளை படிக்கும் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்தைச் சார்ந்ததாகவோ தனியாருடையதாகவோ இருக்கும். ஆகவே இதனால் வகுப்பு நின்றுவிடாது. மத்திய அரசின் ஆராய்ச்சி நிதியை நம்பியிருப்பவர்களுக்கு மட்டும் தாமதம் ஏற்படலாம்.

இங்கே நடந்தது

நம் நாட்டில் மந்திரி சபை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது 75ஆம் ஷரத்து. சபை பணம் மறுத்தால் மந்திரி சபை பதவி விலகுவது மரபு. பட்ஜெட் நிறைவேறத் தாமதமானால் சில மாதச் செலவுக்கு முன்கூட்டியே அனுமதி தர 116ஆம் ஷரத்து இருக்கிறது. இதைத்தான் 'வோட் ஆன் அக்கவுண்ட்' என்கிறோம்.

1999 ஏப்ரல் 17ஐ நினைத்துப் பாருங்கள். வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஓட்டில் தோற்றது. அந்த ஆண்டு பட்ஜெட் அப்போது நிறைவேறவில்லை. எல்லாக் கட்சிகளும் கூடிப் பேசி, விவாதமில்லாமலே பட்ஜெட்டை நிறைவேற்றின. பிறகு ஏப்ரல் 26இல் மக்களவை கலைக்கப்பட்டது. டெல்லியில் ஆட்சி கவிழ்ந்தது. செகந்திராபாத் ஸ்டேஷனில் வண்டி புறப்பட்டது. அமெரிக்காவில் ஆட்சி நிற்கும், அலுவலகம் மூடும். இங்கே ஆட்சி விழும், அலுவலகம் நடக்கும்.

அப்படியானால் எது மேல்?

நம்முடையதுதான் என்று உடனே சொல்லிவிட வேண்டாம். அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் தன் கட்சி ஜனாதிபதியின் பட்ஜெட்டையே வரிவரியாக வெட்டலாம். இங்கே கட்சிக் கொறடா உத்தரவை மீறினால், 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். அதனால் பெரும்பான்மை உள்ள அரசுக்குச் சபை பணம் மறுப்பது இல்லை. நேரம் போதாது என்று 'கில்லட்டின்' முறையில் மானியக் கோரிக்கைகளை விவாதிக்காமலே ஓட்டுக்கு விடுகிறார்கள். 2018இல் மக்களவையில் எல்லா அமைச்சகங்களின் கோரிக்கைகளும் அப்படித்தான் நிறைவேறின. அலுவலகம் நின்றுபோகவில்லை, உண்மை. ஆனால் கேள்வியும் கேட்கப்படவில்லை.

அம்பேத்கர் இந்த எடையை நிறுத்துப் பார்த்தவர். 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அமெரிக்க முறையில் நிலைத்தன்மை அதிகம், பொறுப்புடைமை குறைவு என்றார். கேள்வி நேரம், தீர்மானம், விவாதம் ஆகியவற்றால் ஆட்சியாளரை அன்றாடம் கணக்குக் கேட்கும் முறைதான் இந்தியாவுக்குத் தேவை என்று வாதாடினார். அமெரிக்காவில் படித்தவர், அமெரிக்க முறையை அப்படியே கொண்டுவரவில்லை. தெரிந்துகொண்டு, வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார். வெளிநாட்டு அரசாங்கத்தைப் படிப்பதன் பயன் இதுதான். நம் வீட்டில் எந்தத் தூண் எதைத் தாங்குகிறது என்பது, வேறொரு வீட்டைப் பார்த்த பிறகே புரிகிறது.

மாணவர்கள் யோசிக்க மூன்று கேள்விகள்:

1. மந்திரிகள் சட்டசபையில் உட்காருவதால் வரும் லாபம் என்ன, நஷ்டம் என்ன?

2. 'வோட் ஆன் அக்கவுண்ட்' போன்ற ஏற்பாடு அமெரிக்காவில் தானாகவே அமலுக்கு வருமாறு செய்தால், காங்கிரஸின் பலம் கூடுமா, குறையுமா?

3. விவாதமில்லாமல் நிறைவேறும் பட்ஜெட்டில், அம்பேத்கர் சொன்ன அன்றாடக் கணக்குக் கேட்பு எங்கே இருக்கிறது?

மூன்றாவது கேள்விக்கு விடை பாடப் புத்தகத்தில் கிடைக்காது. பரீட்சை எழுதாத பெரியவர்களும் அதை யோசித்துப் பார்க்கலாம்.