வீட்டுத் தோட்டம்: முதற்பாடம்

1965-ஆம் ஆண்டு. போர் ஒருபுறம், உணவுப் பற்றாக்குறை மறுபுறம். அந்நாளில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, வாரம் ஒருவேளை உணவைத் துறக்குமாறு மக்களை வேண்டினார். டெல்லியில் தமது அரசு இல்லத்துப் புல்வெளியைத் தாமே உழுது பயிரிட்டார். ஒரு முற்றத்தின் விளைச்சல் நாட்டின் பசியைத் தீர்த்துவிடாது. ஆயினும், உழைப்பவரின் அருமையை உண்பவர் உணர அது வழிகாட்டும்.

தலைநகரில் வாழும் குடும்பத்தினர் இதனைத் தொடங்க உகந்த காலம் அக்டோபர். மே, ஜூன் மாதங்களின் அனற்காற்று இளம் செடிகளைக் கருக்கிவிடும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தெற்கு நோக்கிய பால்கனி சிறந்தது. அடியில் துளையுள்ள தொட்டியில் இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மட்கிய எரு, ஒரு பங்கு மணல் கலந்து நிரப்புக.

முதற்பயிராக வெந்தயம் போதும். அஞ்சறைப் பெட்டியில் உள்ளதே விதை. இரவில் ஊறவைத்து விதைத்தால் ஒரு வாரத்திற்குள் முளைக்கும். ஏறத்தாழ ஒரு மாதத்தில் கீரை கிட்டும். பின்னர் கொத்தமல்லி, பாலக், முள்ளங்கி என விரிவுபடுத்தலாம். மண்ணை விரலால் தொட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுக. நீர் மிகுந்தால் வேர் அழுகும்.

இப்பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். விதை முளைக்காவிடில் கடிந்துகொள்ளாமல், மீண்டும் விதைக்கச் சொல்லுங்கள். தான் வளர்த்த கீரையைத் தட்டில் மிச்சம் வைக்கக் குழந்தைக்கு மனம் வராது. சாஸ்திரி அன்று வேண்டிய உணவுச் சிக்கனம், அவ்வீட்டில் உபதேசமின்றியே பழக்கமாகும்.